மிச்சமிருந்த 24 நிமிடங்கள்

2023 மார்ச் 2, வியாழக்கிழமை இரவு. பெங்களூரு எஸ்.ஜி. பாளையத்தில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மலையாளி மெஸ்ஸில் கடைசிப் பந்தி முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். உள்ளே ஐந்து பேர் இருந்தோம். துடைத்து வைத்த மேஜைமேல் பதினொரு எவர்சில்வர் டம்ளர், பதினொரு கண்ணாடி கிளாஸ். எவர்சில்வர்தான் பெங்களூரு எஃப்சி, கண்ணாடி கேரளா பிளாஸ்டர்ஸ். மறுநாள் இரவு ஏழரை மணிக்கு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இரண்டு அணிகளுக்கும் ஐஎஸ்எல் பிளேஆஃப். ஒரே ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி, தோற்றால் சீசன் முடிந்தது.

"எடா, கண்ணாடி உடையும். எங்க டீமுக்கு ஸ்டீலைக் குடு" என்றான் என் ரூம்மேட். அவன் திருச்சூர்க்காரன்.

"உடையிற டீமுக்குக் கண்ணாடிதான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நான் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் விளையாட்டு என்றால் டென்னிஸ் பந்து கிரிக்கெட். வேலைக்காக பெங்களூரு வந்து இவனோடு ஒரே அறையில் தங்கியபோது எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. கொரோனா காலத்தில் ஐஎஸ்எல் முழுவதும் கோவாவில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. வெளியே போக முடியாத அந்த இரவுகளில் அவனுடைய லேப்டாப்பில் உட்கார்ந்து பார்த்துத்தான் கால்பந்தைக் கற்றுக்கொண்டேன். "பந்தப் பாக்காதே. பந்து இல்லாதவன் எங்க ஓடுறான்னு பாரு" என்பான். முதல் ஒரு மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒருநாள் பந்து போய்ச் சேருவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தது. அன்று நான் கத்தியதில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

ஐ.எம். விஜயன் பிறந்த ஊர்க்காரன் அவன். சின்ன வயதில் திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன் இந்திய அணிக்கே கேப்டன் ஆன கதையை எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பான். பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று முறை இறுதிப்போட்டி வரை போய் மூன்றிலும் தோற்ற அணி. 2022 மார்ச்சில் ஹைதராபாத்துடன் பெனால்டியில் தோற்ற அந்த இறுதியைப் பார்க்க இவன் கோவாவுக்கே போயிருந்தான். திரும்பி வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "அடுத்த வருஷம்" என்றான்.

ஆக, நானும் மஞ்சள் பக்கம்தான் போயிருக்க வேண்டும். கெடுத்தது சிவசக்தி நாராயணன். சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்த, இருபத்தியொரு வயதுப் பையன். 2022-23 சீசனில் பெங்களூருவின் முன்வரிசையில் ராய் கிருஷ்ணாவோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தார். வர்ணனையாளர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் யாரோ கூப்பிடுவது போலிருக்கும். ஜனவரியில் நான் நீல ஜெர்சி வாங்கினேன். ரூம்மேட் அதைக் கொடியில் பார்த்துவிட்டு, "கத்துக்குடுத்தது நான். கொண்டுபோய்க் குடுத்தது அவங்களுக்கு" என்றான். கோபமில்லை. ஆனால் முழுக்க விளையாட்டாகவும் சொல்லவில்லை.

அந்த இரவு விவாதத்துக்கு வருகிறேன்.

புள்ளிப் பட்டியலில் பெங்களூரு நான்காவது, பிளாஸ்டர்ஸ் ஐந்தாவது. பெங்களூரு தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களை ஜெயித்து வந்திருந்தது. பிளாஸ்டர்ஸ் கடைசி மூன்றிலும் தோற்றிருந்தது. அதில் முதல் தோல்வி இதே கண்டீரவாவில், பிப்ரவரி 11 அன்று, ராய் கிருஷ்ணாவின் ஒற்றைக் கோலில். அதற்கு முன் டிசம்பரில் கொச்சியில் பிளாஸ்டர்ஸ் 3–2 என்று ஜெயித்திருந்தது. ரூம்மேட் டிசம்பரைப் பற்றியே பேசினான். நான் பிப்ரவரியைப் பற்றியே பேசினேன்.

அவன் திட்டம் எளிமையானது. பெங்களூரு பின்னால் மூன்று டிஃபென்டர்களை வைத்து ஆடும் அணி. இரண்டு பக்கமும் பிரபீர் தாஸும் ரோஷன் சிங்கும் விங்பேக்காக மேலே ஏறிப் போவார்கள். அவர்கள் ஏறிப் போன பிறகு பின்னால் விரியும் காலி இடம்தான் பிளாஸ்டர்ஸுக்கு வாசல். "முதல் இருபது நிமிஷம் மூச்சு விடாம அழுத்தணும். லூனா பந்தை எடுத்ததும் ராகுல் இங்க ஓடணும்" என்று ஒரு கிளாஸை மேஜை ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனான். "நடுவுல டயமன்டகோஸ் ஜிங்கனை இழுத்துட்டு வந்துடுவான்."

ஜிங்கன் பெயரைச் சொன்னதும் மேஜையைச் சுற்றி ஒரு முனகல். ஒரு காலத்தில் பிளாஸ்டர்ஸின் தூண். அவர் போட்டிருந்த 21-ம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று அந்த கிளப் ஒதுக்கி வைத்தது. அப்போது பெங்களூருவின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் அவருக்கு நெளிந்துபோன டம்ளரைத்தான் கொடுத்தார்கள்.

மெஸ் நடத்தும் இக்கா மலப்புறத்துக்காரர். இளவயதில் அறுவடை முடிந்த வயல்களில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடியவர். முட்டி போனபின் அடுப்படிக்கு வந்தவர். அவருக்கு ரூம்மேட்டின் திட்டம் பிடிக்கவில்லை.

"மோனே, எட்டு ஜெயிச்சுட்டு வர்றவன்கிட்ட வாசலைத் திறந்து வச்சுட்டு ஓடுவியா? பூட்டு. தொண்ணூறு நிமிஷம் பூட்டு. அவங்க ஊரு, அவங்க ஆளுங்க. நேரம் போகப்போக அவங்களுக்குத்தான் பதட்டம். அப்புறம் ஒண்ணு கெடைக்கும்."

"கெடைக்கலேன்னா இக்கா?"

"பெனால்டி."

"பெனால்டின்னு சொல்லாதீங்க" என்றான் ரூம்மேட். கோவா ஞாபகம் வந்திருக்கும்.

இக்கா இன்னொன்றும் சொன்னார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "என்ன வேணா செய்யட்டும். பாக்ஸுக்குப் பக்கத்துல ஃபவுல் மட்டும் குடுக்கக் கூடாது. ரோஷன் இருக்கான், ஹாவி இருக்கான்." உடனே ஃப்ரீ கிக் பற்றிப் பேச்சு திரும்பியது. சுவரில் நாலு பேரா, ஐந்து பேரா? கோல்கீப்பர் கில் எந்தக் கம்பம் பக்கம் நிற்க வேண்டும்? ரூம்மேட் கிளாஸ்களை வரிசையாக நிறுத்திச் சுவர் கட்டினான். பந்துக்கு ஒரு கொண்டைக்கடலை. சுவருக்குப் பின்னால் ஒருவன் படுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கிளாஸைச் சாய்த்து வைத்தான். நான் சேத்ரிக்கான டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில் அவர் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் வந்துகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது. "அவரை விடு, கடைசி இருபது நிமிஷம்தான்" என்று நானே சொன்னேன்.

இரவு ஒன்றரை மணிவரை பேசினோம். அணிகளின் பட்டியலை முடிவு செய்தோம், மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினோம், மஞ்சள் அட்டை வாங்கியவர்களைத் திட்டினோம். இருபத்திரண்டு பேரும் மேஜையில் இருந்தார்கள். பந்து இருந்தது. நடுவருக்கு மட்டும் யாரும் எதையும் வைக்கவில்லை.

மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவன் மஞ்சள், நான் நீலம். கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மைதானத்தில் மஞ்ஞப்படைக்காரர்கள் உட்காரும் பகுதிக்கு அவன் போனான், நான் எங்கள் பகுதிக்கு. கேட் அருகே பிரியும்போது, "முடிஞ்சதும் இங்கேயே நில்லு. பிரியாணி தோக்கிறவன் செலவு" என்றான்.

கண்டீரவாவில் ஆட்டத்தளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை இருக்கிறது. கால்பந்து பார்க்க வசதியான இடமில்லை. எல்லாம் தூரத்தில் நடக்கும். தொண்ணூறு நிமிடம் 0–0. யாருடைய திட்டமும் முழுசாக நடக்கவில்லை. இக்கா சொன்ன பூட்டுதான் கிட்டத்தட்ட நடந்தது, ஆனால் இரண்டு பக்கமும் பூட்டியிருந்தார்கள். எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பித்தது. 96-வது நிமிடம். பாக்ஸுக்குச் சற்று வெளியே பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக்.

உண்மையைச் சொன்னால், நான் அந்த கோலைப் பார்க்கவில்லை. ஃப்ரீ கிக் என்றதும் ஒரு நிமிடம் ஆகும் என்று தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த சேத்ரி கைகளை விரித்து ஓடிக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் கில் கம்பத்தருகே சுவரைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் அடித்துவிட்டார். மைதானத்தில் பாதிப் பேருக்கு இது கோலா, ஒத்திகையா என்று புரியவில்லை. நடுவர் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் வீரர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். பிறகு பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் உள்ளே வந்து தன் ஆட்களை வெளியே வரச் சொன்னார். அவர்கள் போனார்கள். திரும்பி வருவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெங்களூரு வீரர்கள் புல்வெளியில் நின்றபடியே காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆட்டம் முடிந்தது, பெங்களூரு 1–0 வெற்றி என்று அறிவித்தார்கள்.

நான் கேட் அருகே முக்கால் மணி நேரம் நின்றேன். அவன் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே கால்பந்து விதிகளைத் தேடிப் படித்தேன். 13-ம் விதி. ஃபவுலுக்கு ஆளான அணி ஃப்ரீ கிக்கை உடனே எடுக்கலாம். விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் விதி. சுவர் கட்ட அவகாசம் கொடு என்று கேட்கும் உரிமை தற்காக்கும் அணிக்குக் கிடையாது. அது நாம் பார்த்துப் பார்த்துப் பழகிய வழக்கம், அவ்வளவுதான். நடுவர் தலையிட்டுத் தூரத்தை அளந்து நிறுத்தினால்தான் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும். தனக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னதாகவும், பக்கத்தில் நின்ற லூனாவுக்கு அது கேட்டதாகவும் சேத்ரி பிறகு சொன்னார். நடுவர் ஏற்கெனவே தலையிட்டுவிட்டார், எனவே விசில் இல்லாமல் அடித்தது செல்லாது என்பது பிளாஸ்டர்ஸின் வாதம். அது எடுபடவில்லை.

அந்த விதியை வரிக்கு வரி எடுத்து, கீழே அழுகிற பொம்மைகள் பத்துப் போட்டு, ஸ்டேட்டஸ் வைத்தேன். முதலில் பார்த்தது அவன்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் நேரம் காட்டியது: 11:52.

அன்று இரவு அவன் அறைக்கு வந்தபோது நான் விழித்திருந்தேன். அவன் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைத்தான். "நியமம் எனக்கும் தெரியும்டா" என்றான். "உனக்கு ஆஃப்சைடு சொல்லிக்குடுத்தவன் நான்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் ஒரே அறையில் இருந்தபடி பேசாமல் இருந்தோம். கேஸ் தீர்ந்துவிட்டது, வாடகை போட்டுவிட்டேன், அவ்வளவுதான். மெஸ்ஸுக்கு அவன் எட்டு மணிக்குப் போனால் நான் ஒன்பதரைக்குப் போவேன். இக்கா ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரவு கண்ணாடி கிளாஸைத் தள்ளித் தள்ளிப் பேசிய அதே மேஜையில் தனியாக உட்கார்ந்து மத்தி வறுவலைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் ஐந்து பேரும் மூன்று மணி நேரம் பேசியதில் ஆட்டத்தின் முடிவை யாராலும் ஒரு இம்மிகூட நகர்த்தியிருக்க முடியாது. அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஏன் பேசுகிறோம்? மைதானத்தில் ரசிகனுக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. பேசுவது ஒன்றுதான் அவன் ஆடுகிற ஆட்டம். அந்த ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்து ஆட ஒருவன் வேண்டும். நான் ஜெயித்தது விதியில். தொலைத்தது எதிரே உட்கார்ந்தவனை.

மார்ச் 31 அன்று இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு தீர்ப்புச் சொன்னது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனதற்காக பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடை, 5 லட்சம் அபராதம். இருதரப்பும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் தொகை ஏறும். வுகோமனோவிச் அந்த ஆட்டத்துக்குப் பின் கொச்சியில் இறங்கியபோது ரசிகர்கள் விமான நிலையத்துக்கே போய் வரவேற்றிருந்தார்கள். ரூம்மேட்டும் அவர் பக்கம்தான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு இரவு. நோன்பு மாதம். நோன்பு திறந்து தொழுகைக்குப் போய் வந்திருந்த இக்கா எங்கள் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். இருவருக்கும் தெரியாது. உட்கார்ந்ததும் பத்திரி வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க ஊர் செவன்ஸ்ல டீமைக் கூட்டிட்டுப் போயிட்டா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க" என்றார். "நடுவரைத் திட்டலாம். ஆடிக்கிட்டே திட்டணும்."

ரூம்மேட் ரொம்ப நேரம் பத்திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பிறகு, "நாலு கோடி போகட்டும் இக்கா. பத்து மேட்ச் போகட்டும். 96-வது நிமிஷத்துல கோல். இன்னும் 24 நிமிஷம் இருந்துச்சு. அதை யாரும் எங்ககிட்டேருந்து எடுக்கல. நாங்களே குடுத்துட்டு வந்துட்டோம்" என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து டம்ளர்களையும் கிளாஸ்களையும் எடுத்துவந்தேன். சேத்ரி கோலடித்த பிறகு நடுவட்டத்தில் பந்தை வைத்து ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கும் நிலையில் அடுக்கினேன். கண்ணாடிக்கு இடம் மாற்றி அவனிடம் ஸ்டீலைத் தள்ளினேன். "இந்தா, உடையாத டீம். ஆடு" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஸ்டேட்டஸ் போட்டது தப்புடா" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. லூனாவுக்கான டம்ளரை எடுத்து இடதுபக்கம் நகர்த்தினான்.

இக்கா போனில் 24 நிமிடம் அலாரம் வைத்தார். சண்டை போட்டு ஆடினோம். அவன் எல்லாரையும் மேலே ஏற்றினான். நான் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினேன். "ஜிங்கன் தலைக்கு மேல போகாது" என்றேன். "போகும், அவனோட எத்தனை வருஷம் இருந்திருக்கோம், எங்களுக்குத் தெரியாதா" என்றான். அலாரம் அடித்தபோது அவன் கணக்கில் 1–1, பெனால்டி. என் கணக்கில் 1–0, முடிந்தது.

"அடிச்சிருப்போம்" என்றான்.

"அடிச்சிருக்க மாட்டீங்க" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் தெரியாது. அதான் நஷ்டம்" என்று இக்கா கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

கோடையில் அவன் வேறு வேலை கிடைத்து கொச்சிக்குப் போய்விட்டான். செப்டம்பர் 21 அன்று புது சீசனின் முதல் ஆட்டமே கொச்சியில், இதே இரண்டு அணிகள். முந்தின இரவு போன் செய்தான். "டம்ளர் எடுத்து வச்சியா?" என்றான். வைத்திருந்தேன். அவனும் அங்கே மேஜையில் அடுக்கி வைத்திருந்தான். வீடியோவைத் திருப்பிக் காட்டினான். கண்ணாடியும் ஸ்டீலும் சரியாக இருந்தன. நடுவில் ஒரு உப்பு டப்பா நின்றது.

"அது யாருடா?"

"நடுவர்" என்றான். "அவனை எங்க நிறுத்துறதுன்னு முதல்ல பேசுவோம்."

இரண்டு மணி நேரம் பேசினோம். மறுநாள் பிளாஸ்டர்ஸ் 2–1 என்று ஜெயித்தது. பயிற்சியாளருக்கு இன்னும் தடை இருந்தது, ஆனால் ஆட்டம் கடைசி விசில்வரை நடந்தது. பிரியாணிக் காசை அன்றிரவே அவனுக்கு அனுப்பினேன்.